பத்து விநாடி துக்கம்

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். பையன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். நன்றாகத்தான் பிடிக்கிறான். ஆனால் ஒரு கோல் விழுந்துவிட்டால் ஆள் காலி. முகம் தொங்கிப் போய், அடுத்த பத்து நிமிஷத்துக்குள் இன்னும் இரண்டை வாங்கிவிடுகிறான். 'இதற்கு மனப்பயிற்சி, தியானம், பாஸிட்டிவ் திங்கிங் என்று ஏதாவது உண்டா? இல்லை, பேசாமல் செஸ்ஸில் சேர்த்துவிடலாமா?' என்று கேட்கிறார்.

செஸ்ஸிலும் தோற்றுவிட்டு அழுகிறவர்கள் இருக்கிறார்கள், ஐயா. பையன் கோலிலேயே நிற்கட்டும்.

முதலில் அந்த உத்தியோகத்தின் அநியாயத்தைப் பாருங்கள். ஃபார்வர்ட் ஆடுகிறவர் ஒன்பது பந்தை வானத்துக்கு அனுப்பிவிட்டுப் பத்தாவதை உள்ளே தள்ளினால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கோல்கீப்பர் ஒன்பதைப் பிடித்துவிட்டுப் பத்தாவதை விட்டால் ராத்திரி டீக்கடை சாத்துகிறவரைக்கும் அந்தப் பத்தாவதுதான் பேச்சு. பதினோரு பேரில் இவருக்கு மட்டும் வேறு கலர் சட்டை வேறு. குற்றவாளியைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண வசதி! எங்கள் தெருவில் ஓட முடியாத பையனையோ, பந்துக்குச் சொந்தக்காரனின் தம்பியையோதான் கோலில் நிறுத்துவோம். (நான் இதில் எந்த வகை என்று கேட்கக் கூடாது.) கோல்கீப்பர் நிற்கிற இடத்தில் புல்கூட முளைக்காது என்று பிரேசில்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

அதே பிரேசில்காரர்கள் ஒரு கோல்கீப்பரை என்ன பாடு படுத்தினார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த விஷயத்துக்குள் போக முடியாது.

1950 ஜூலை 16. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், பிரேசிலுக்கும் உருகுவேக்கும். டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் கொண்டாடுவதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரேசில் ஒரு கோல் போட்டது. உருகுவேயின் கிஜ்ஜியா வலது ஓரமாக ஓடிவந்து பந்தை நடுவில் கொடுக்க, ஷியாஃபினோ அடித்துச் சமன் செய்தார். 79-வது நிமிஷம் கிஜ்ஜியா மறுபடி அதே ஓரம், அதே ஓட்டம். பிரேசில் கோல்கீப்பர் மொவசிர் பார்போசா, போன தடவை மாதிரி நடுவில்தான் கொடுக்கப்போகிறார் என்று ஒரு எட்டு முன்னால் நகர்ந்தார். கிஜ்ஜியா கொடுக்கவில்லை. பார்போசாவுக்கும் பக்கத்துப் போஸ்ட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் பந்தைச் செருகிவிட்டார். 2-1. மரக்கானா மயானமாயிற்று.

யோசித்துப் பார்த்தால் பார்போசா செய்ததில் என்ன தப்பு? பதின்மூன்று நிமிஷம் முன்பு நடந்ததிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இருபது வருஷம் கழித்து ஒரு கடையில் ஓர் அம்மாள் தன் பிள்ளையிடம் அவரைக் காட்டி, 'பிரேசிலையே அழ வைத்த ஆள் இவன்தான்' என்று சொன்னாளாம். அவரே சொல்லியிருக்கிறார். பிரேசில் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை முப்பது வருஷம், நான் ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் நொந்துகொண்டார். 2000-ல், 79 வயதில் இறந்தார்.

ஆக, ஊர் ஐம்பது வருஷம் ஞாபகம் வைத்திருக்கும். கோல்கீப்பரோ பத்து விநாடியில் மறந்தாக வேண்டும், ஏனென்றால் அடுத்த பந்து வந்துகொண்டிருக்கிறது. மைதானத்து மனோதத்துவம் என்று தடித் தடியாகப் புத்தகம் போடுகிறார்களே, கோல்கீப்பரைப் பொறுத்தவரை அதில் முக்கால்வாசி இந்தப் பத்து விநாடியைப் பற்றியதுதான்.

வடசென்னையில் வியாசர்பாடிப் பக்கம் கால்பந்துக்குப் பேர் போனது. அங்கே சாயங்காலம் ஒரு மைதானத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயசு கோல்கீப்பர் ஒருவன், கோல் விழுந்ததும் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, வலது கை க்ளவுஸின் வெல்க்ரோ பட்டையைப் 'பர்ர்ர்' என்று பிரித்தான். மறுபடி இழுத்து ஒட்டினான். இடது போஸ்ட்டை ஒரு தட்டு. கத்த ஆரம்பித்துவிட்டான்: "டேய் ஏழாம் நம்பரைப் புடி! ஏழாம் நம்பரு!"

இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன். "க்ளவுஸ் லூஸா தம்பி?"

"இல்ல சார், மாஸ்டர் சொல்லிக் குடுத்தாரு. கோல் வுட்டா கழட்டி மாட்டணும். பழைய கோல் அதோட போயிடும்."

"போயிடுதா?"

"மொதல்ல போவாது. பண்ணிக்கினே இருந்தா போயிடும் சார்."

அவன் மாஸ்டரிடம் பேசினேன். சின்ன வயசுக்காரர், பகலில் கூரியர் வேலை. "இதுக்கெல்லாம் பெரிய தத்துவம் ஒண்ணும் கிடையாது சார். துக்கப்படாதேன்னா படுவான். அதனால துக்கத்துக்கு ஒரு டயம் குடுத்துடறேன். பட்டையைப் பிரிக்கிற வரைக்கும் துக்கம். ஒட்டிட்டா வேலை" என்றார்.

இதைத்தான் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் 'ரீசெட்' என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். சிலர் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிப்பார்கள். சிலர் நெட்டைத் தொடுவார்கள். சிலர் கோல் வாயிலில் பூட்ஸால் ஒரு கோடு இழுத்து அதைத் தாண்டி வருவார்கள். எது என்பது முக்கியமில்லை. தினம் பயிற்சியில் ஒரே மாதிரி செய்து செய்து, 'இது முடிந்தால் அது முடிந்தது' என்று மனசைப் பழக்குவதுதான் சங்கதி. நம் வீட்டில் சாவுக்குப் போய்வந்தால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறோம். அந்த ஏற்பாட்டுக்குக் கொஞ்சம் கிட்டத்து உறவு.

அதோடு மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். அப்படி நாலு மூச்சு விட்டால் படபடப்பு இறங்கும்.

அப்புறம் வார்த்தை. 'நழுவ விட்டுடாதே, நழுவ விட்டுடாதே' என்று ஒருவன் தனக்குள் சொல்லிக்கொண்டே கார்னர் பந்துக்குக் குதித்தால், மனசில் ஓடுகிற படம் பந்து நழுவுகிற படம்தான். எவர்சில்வர் தட்டு நிறையக் காப்பி டம்ளரை வைத்துக் கொடுத்து 'சிந்தாதே!' என்று அதட்டிப் பாருங்கள், தெரியும். அதனால் செய்யக் கூடாததை விட்டுவிட்டுச் செய்ய வேண்டியதை ஒரே வார்த்தையில் சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள். 'பந்து', 'கால்', 'நில்'. 'நான்தான் உலகத்திலேயே சிறந்த கோல்கீப்பர்' என்று கண்ணாடி முன் நின்று சொல்வதைவிட 'பந்தைப் பார்' என்பது எவ்வளவோ உபயோகம். பாஸிட்டிவ் திங்கிங் என்ற பெயரில் விற்கிற சரக்கில் பாதியின்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. 0-4 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது 'எல்லாம் நன்மைக்கே' என்று நினைப்பவன் கோலில் நிற்கக் கூடாது, மடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: தொண்ணூறு நிமிஷமும் கண்ணை விரித்துக்கொண்டு முழுக் கவனமாக இருக்க எந்த மனுஷனாலும் முடியாது. ஓர் ஆட்டத்தில் கோல்கீப்பர் நிஜமாகவே பாய்ந்து காப்பாற்ற வேண்டிய பந்து மூன்றோ நாலோதான் வரும். மிச்ச நேரமெல்லாம் காவல்காரன் உத்தியோகம். பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது மனசைக் கொஞ்சம் தளர்த்தி விசாலமாகப் பார்க்க வேண்டும்: யார் எங்கே நிற்கிறார்கள், காற்று எந்தப் பக்கம், வெயில் கண்ணில் அடிக்கிறதா. பந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் ஸ்விட்சைப் போட வேண்டும், அப்போது பந்து ஒன்றுதான் உலகம். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கூட்டிக் குறைக்கத் தெரிய வேண்டும். எப்போதும் ஐந்தில் வைத்தால் மோட்டார் போய்விடும்.

பெனால்டியில் நடக்கும் வேடிக்கை தனி. பன்னிரண்டு கஜ தூரம், பந்து அரை விநாடிக்குள் வந்துவிடும். இஸ்ரேலில் சில ஆராய்ச்சிக்காரர்கள் 286 பெனால்டிகளை வீடியோவில் போட்டுப் பார்த்து 2007-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அடித்தவற்றில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 29 நடுவில் வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவில் நின்றது நூற்றுக்கு ஆறு தடவைதான். மற்ற நேரமெல்லாம் இடப்பக்கமோ வலப்பக்கமோ பாய்ச்சல். சும்மா நின்றவர்கள்தான் அதிகம் காப்பாற்றினார்கள், மூன்றுக்கு ஒன்று. பாய்ந்தவர்கள் ஏழெட்டுக்கு ஒன்று.

பிறகு ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்து விட்டால் 'பாவம், முயற்சி பண்ணினான்' என்பார்கள். நின்று விட்டால் 'மரம் மாதிரி நின்னான் பார்!' என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து பாய்கிறார்கள். ஆபீஸில் ஃபைலை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் வேகமாக நடக்கிறவர்களை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. (இதைப் படித்துவிட்டு எல்லாக் கோல்கீப்பரும் நடுவிலேயே நிற்க ஆரம்பித்தால், அடிக்கிறவர்களும் பத்திரிகை படிப்பார்கள். அப்புறம் கணக்கு மாறிவிடும்.)

போஸ்ட்டைத் தட்டுகிற நம் வியாசர்பாடிப் பையனுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2022 உலகக் கோப்பையில் அர்ஜெண்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸ் பெனால்டி அடிக்க வந்தவர்களின் பொறுமையை ரொம்பவும் சோதித்தார். 2023-ல் விதியைத் திருத்தி எழுதிவிட்டார்கள். பெனால்டி நேரத்தில் போஸ்ட்டையோ கம்பத்தையோ நெட்டையோ தொட்டு அடிக்கிறவரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. வெல்க்ரோவுக்கு இன்னும் தடை வரவில்லை.

மனப்பயிற்சிக்கு எனக்குத் தெரிந்து மிகச் சின்னக் கருவி, ஒரு துண்டுச் சீட்டு. 2006 ஜூன் 30, பெர்லின். ஜெர்மனியும் அர்ஜெண்டினாவும் கால் இறுதியில் 1-1 என்று நின்று, பெனால்டிக்கு வந்துவிட்டார்கள். ஜெர்மனியின் கோலில் யென்ஸ் லேமன். அந்த இடத்தை அவரிடம் பறிகொடுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஆலிவர் கான். இருவருக்கும் ஆகாது என்று உலகத்துக்கே தெரியும். கான் எழுந்து வந்து லேமனின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியாளர் கோப்கே, ஹோட்டல் காகிதத்தில் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று ஏழு பேர் கணக்கு. லேமன் அதை சாக்ஸில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பெனால்டிக்கும் முன்னால் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

அந்த ஏழு பேரில் பெனால்டி அடிக்க வந்தது இரண்டே பேர்! அயாலா அடித்ததை லேமன் பிடித்தார். கடைசியாக கம்பியாஸோ வந்தார். சீட்டில் அவர் பெயரே இல்லை. லேமன் ஒன்றும் தெரியாதவர் போல் சீட்டை எடுத்தார். நிதானமாகப் படித்தார். மடித்து உள்ளே வைத்தார். 'என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ' என்று கம்பியாஸோ நினைத்தாரோ என்னவோ, அடித்த பந்தை லேமன் தடுத்துவிட்டார். ஜெர்மனி 4-2. அந்தச் சீட்டு பின்னால் தர்ம காரியத்துக்காகப் பத்து லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அப்புறம் பான் நகரத்து சரித்திர மியூசியத்துக்கும் வந்து சேர்ந்தது. ஏழு பெயர் எழுதிய காகிதம்!

சீட்டு பந்தைத் தடுக்காது. ஆனால் கையில் ஒரு வேலை இருக்கிறவனுக்குப் பயப்பட நேரம் கம்மி.

கை குலுக்கிய அந்த கானுக்கு நாலு வருஷம் முன்பு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2002 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் விட்டார். இறுதியில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த சாதாரணப் பந்து நெஞ்சில் பட்டு நழுவியது. பாய்ந்து வந்த ரொனால்டோ தட்டிவிட்டார். அந்தக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு கானுக்குத்தான். அந்தப் பரிசை அவருக்கு முன்னும் பின்னும் எந்தக் கோல்கீப்பரும் வாங்கியதில்லை. ஆனால் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஆட்டம் முடிந்ததும் போஸ்ட்டில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்த அவர் படம்தான். ரஷ்யாவின் லெவ் யாஷின் கதை இதைத் திருப்பிப் போட்டது. 1962-ல் சிலியிடம் தோற்றதற்கு அவர்தான் காரணம் என்று திட்டித் தீர்த்தார்கள். மறு வருஷமே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதை வாங்கிவிட்டார். இன்றுவரை அதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் அவர்தான். ஆட்டத்துக்கு முன் நரம்புக்கு ஒரு சிகரெட்டும் தசைக்கு ஒரு வாய் மதுவும்தான் தன் ரகசியம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். விழுப்புரம் அப்பா இந்தப் பாராவைப் பையனுக்குக் காட்ட வேண்டாம்.

ஆனால் வெல்க்ரோவும் மூச்சும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது.

ஜெர்மனியில் ராபர்ட் என்கே என்று ஒரு கோல்கீப்பர். ஹன்னோவர் அணிக்கு ஆடினார். 2010 உலகக் கோப்பைக்கு ஜெர்மனியின் முதல் கோல்கீப்பராகலாம் என்று பேசப்பட்டவர். வெளியே பாறை மாதிரி அமைதி. உள்ளே பல வருஷமாக மனச்சோர்வு நோய். 2006-ல் இரண்டு வயது மகளைப் பறிகொடுத்தவர். சிகிச்சை எடுப்பது வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து மறைத்தார். 2009 நவம்பர் 10 அன்று தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 32. மறுநாளே அவர் மனைவி பத்திரிகைக்காரர்கள் முன் உட்கார்ந்து, இது ஒரு நோய், இதை மறைத்துத்தான் வாழ்ந்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். எவ்வளவு பெரிய மனசு! அடுத்த வருஷம் என்கே பெயரிலேயே ஓர் அறக்கட்டளை, இந்த நோய்க்காக ஆரம்பித்தார்கள்.

இத்தாலியின் பஃபோனுக்கும் 25, 26 வயதில் இது வந்தது. 2003 கடைசியிலிருந்து சில மாதம். பேரும் பணமும் உச்சத்தில் இருந்தபோது கால் நடுங்கியது. டாக்டரைப் பார்த்தார், நெருங்கியவர்களிடம் பேசினார். டூரின் நகரத்தில் ஷாகால் ஓவியக் கண்காட்சிக்குத் தற்செயலாகப் போய், ஒரு படத்தின் முன்னால் நின்று நின்று பார்த்துவிட்டு, மறுநாளும் அதே படத்தைப் பார்க்கப் போனாராம். ஓர் ஆண் கையைப் பிடித்தபடி ஒரு பெண் ஆகாயத்தில் பறக்கிற படம். 2006-ல் உலகக் கோப்பையை வென்ற அணியின் கோலில் நின்றவர் அவர்தான்.

அதனால் ஐயா, பையன் ஆட்டத்துக்கு அப்புறம் ஒரு மணி நேரம் அழுதால் அது ஆட்டம். வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அது வேறே. அப்போது இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மற்றபடி, ஆட்டம் முடிந்து வண்டியில் அவனைப் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கு வரும்போது, "அந்த ரெண்டாவது கோலை ஏண்டா விட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவன் பத்து விநாடியில் கழற்றி மாட்டியதை நீங்கள் வீடு வரை சுமந்து வந்து மறுபடி அவன் தலையில் இறக்கிவிடுவீர்கள். "பரோட்டா சாப்பிடலாமா?" என்று கேளுங்கள்.

கால்பந்தை விட்டுக் கொஞ்சம் ஹாக்கிக்கு வருகிறேன், ஏனென்றால் நம் நாட்டுப் பார்போசா அங்கேதான் இருக்கிறார். 1982 டில்லி ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7. கோலில் நின்றவர் மிர் ரஞ்சன் நேகி. பணம் வாங்கிக்கொண்டு விட்டான் என்று கூசாமல் பேசினார்கள். அத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது. ('சக் தே இந்தியா' படம் வந்தபோது இவர் கதை பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது.) பதினாறு வருஷம் கழித்து, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்குக் கோல்கீப்பருக்குப் பயிற்சி தர நேகியைக் கூப்பிட்டார்கள். போனார். இறுதி ஆட்டம் தென் கொரியாவுடன் டை-பிரேக்கருக்கு வந்தது. நேகி தயார் செய்த ஆஷிஷ் பல்லால் குறுக்கே நின்று காப்பாற்ற, இந்தியாவுக்கு 32 வருஷத்துக்குப் பிறகு தங்கம்.

ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் அந்த அணியிலிருந்து கேப்டன் தன்ராஜ் பிள்ளை உள்படப் பலரைக் கழற்றிவிட்டார்கள். பல்லாலும் அதில் ஒருவர். அதற்கு எந்தப் போஸ்ட்டைத் தட்டுவது என்று வியாசர்பாடி மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும்.